ஐந்து இறையியல் புத்தகங்களும் ஒரு பிடி வாய்க்கரிசியும்

நான் ஒரு தொடக்கப்பள்ளியின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். டைனோசர் படப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதும், கிழிந்த பக்கங்களை ஒட்டுவதும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தப் பேய்க்கதை தாங்கும் என்று பார்த்துக் கொடுப்பதும் என் வேலை. போன வருடம் எங்கள் சபையில் இறையியல் புத்தகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு இந்த வேலைதான் காரணம். வேறு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை.

எங்கள் சபை சின்னது. ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆராதனை. ஊரிலிருந்து இந்தத் தீவு நாட்டுக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்கள் விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர அந்த நேரம்தான் வசதி. ஆராதனை முடிந்ததும் எட்டுப் பேர் பின்னால் தங்கி ஒரு மணி நேரம் படிப்போம். அதுவரை வேதத்திலிருந்து ஒரு அதிகாரத்தை எடுத்து ஆளுக்குத் தோன்றியதைப் பேசிக்கொண்டிருந்தோம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த பாஸ்டருக்கு அது போதவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒரு நாள் எங்களிடம் சொன்னார்: "நாம சீர்திருத்தச் சபைன்னு வெளியில போர்டு மாட்டியிருக்கோம். ஆனா எதை நம்புறோம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதோம். சிஸ்டமேடிக் தியாலஜி புத்தகம் ஒண்ண எடுத்து மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சா என்ன?"

கடவுள், மனிதன், பாவம், மீட்பு, சபை, முடிவு என்று நம்பிக்கையின் ஒவ்வொரு பொருளையும் வரிசையாக அடுக்கிச் சொல்லும் புத்தகங்கள் அவை. முறைமை இறையியல் என்று தமிழில் சொல்கிறார்கள். எங்களில் யாரும் படித்ததில்லை. எல்லோரும் தலையாட்டினோம். பாஸ்டர் ஒரு தாளில் ஐந்து புத்தகங்களின் பெயரை எழுதி என்னிடம் நீட்டினார்.

"சிஸ்டர், நீங்கதான் லைப்ரரியில இருக்கீங்க. பார்த்து ஒண்ண சொல்லுங்க."

"நான் சின்னப் பிள்ளைங்க லைப்ரரி, பாஸ்டர்."

"அதனால என்ன? நான் தேர்ந்தெடுத்தா, பாஸ்டர் சொல்லிட்டாருன்னு எல்லாரும் சரிம்பாங்க. படிக்கிறவங்க கையிலேர்ந்து வரட்டும்."

நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். மறுத்திருக்க வேண்டும் என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது.

நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிறிஸ்தவப் புத்தகக்கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போனேன். இறையியல் அலமாரி கடையின் கடைசிச் சுவர் முழுக்க நீண்டிருந்தது. என் பட்டியலில் இருந்த முதல் புத்தகத்தை இரண்டு கைகளாலும்தான் இறக்க முடிந்தது. இரண்டாவது நான்கு தொகுதிகள். மூன்றாவது நடுத்தரம். நான்காவது ஒல்லி, ஆனால் எழுத்து அரிசிக் குருணை மாதிரி இருந்தது. ஐந்தாவது தமிழ் மொழிபெயர்ப்பு. அது அங்கே கிடையாது, பாஸ்டரிடம் ஒரு பிரதி இருந்தது.

கடைக்காரர் ஒரு சீன அம்மா. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என்ன தேடுகிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். அவர் உற்சாகமாகிவிட்டார். உங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா, பெரியவர்களுக்கு மட்டுமா என்று கேட்டார். அதைப் பொறுத்து இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசையாம்.

எனக்குத் தெரியவில்லை. அலமாரிக்குப் பின்னால் போய் நின்று கணவருக்கு போன் செய்தேன். அவர் விமான நிலையத்தில் டெக்னீஷியன். அன்று வேலையில் இருந்தார்.

"என்னங்க, நம்ம சபையில சின்னப் பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுப்பாங்களா?"

"நம்ம பையனுக்குக் குடுத்தோமே."

"அது பழைய சபையில. இங்க?"

"இங்க யாருக்கும் இன்னும் பிள்ளையே பொறக்கல லா," என்றார், இந்த ஊர் 'லா'வோடு.

கடைக்கார அம்மா அடுத்த கேள்வியோடு காத்திருந்தார். உலக முடிவில் வரும் ஆயிரம் ஆண்டுகளைப் பற்றி உங்கள் சபையின் கருத்து என்ன என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டு நடுத்தரப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மற்றவற்றைப் பாஸ்டரின் அலமாரியிலிருந்து இரவல் வாங்கினேன். நான்கு தொகுதிகளில் பாஸ்டரிடம் இரண்டுதான் இருந்தன. ஆக ஆறு தடிப்புத்தகங்கள் ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன.

பள்ளியில் ஒரு பழைய வழி வைத்திருக்கிறோம். பிள்ளை ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். எனக்கு முதல் புத்தகத்தின் முதல் பத்தியிலேயே இரண்டு கை விரல்களும் தீர்ந்துவிட்டன.

தமிழ்ப் புத்தகம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அது இன்னும் மோசம். ஒவ்வொரு வாக்கியமும் அரைப் பக்கம். வினைச்சொல் வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும். அதில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: தெரிந்துகொள்ளுதல். நான் கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒரு தோழியோடு சபைக்குப் போய், இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். புதிதாக வேதம் வாசித்த நாட்களில், தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார் என்று வரும் இடங்களிலெல்லாம், அவர் அவர்களை அறிந்துகொண்டார், பழகிக்கொண்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தெரிந்துகொள்வது என்றால் எங்கள் வீட்டில் அதுதானே பொருள்? வேதத்தின் தமிழில் அதற்குத் தேர்ந்தெடுப்பது என்று பொருள் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. இப்போது அந்த ஒரு சொல்லுக்கே முப்பது பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

வேலைக்குப் போகும்போது ரயிலில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு புத்தகம் சொன்னது: உலகம் உண்டாகும் முன்பே, பாவத்தில் விழுந்துபோகப்போகிற மனிதர்களைக் கண்டு, அவர்களிலிருந்து கடவுள் சிலரை மீட்புக்கெனத் தேர்ந்தெடுத்தார். இன்னொன்று சொன்னது: இல்லை, முதலில் தேர்ந்தெடுத்தார், பிறகுதான் விழுவதற்கு இடம் கொடுத்தார். இரண்டுமே காலம் தொடங்குவதற்கு முன்பு நடந்தவை. காலமே இல்லாத இடத்தில் முதலில் ஏது, பிறகு ஏது? காப்பிக்கடையில் ஒரு டிஷ்யூத் தாளில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பார்த்தேன். எந்த அம்பு எந்தப் புத்தகத்தினுடையது என்று மறுநாள் எனக்கே தெரியவில்லை.

ஐந்தையும் ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றிலும் ஒரே பகுதியை வாசிப்பதுதான் நியாயம் என்று முடிவு செய்தேன். அப்படி நான் எடுத்துக்கொண்டது இந்தத் தேர்ந்தெடுத்தல் பகுதியைத்தான். ஏன் அதை எடுத்தேன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலையில், தேர்ந்தெடுக்கப்படாதவர்களைக் கடவுள் கடந்து போனார் என்ற வரி வந்தது. ரயில் பிஷானைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா பஸ் ஓட்டுநர். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு காலமாகியிருந்தார். கடைசிவரை நெற்றியில் விபூதி. நான் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் அம்மா அழுதார். அப்பா மட்டும், "ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவே?" என்று கேட்டார். அவ்வளவுதான். மழை பெய்தால் என் வேதப் புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றித் தருவார். கிறிஸ்துமஸுக்கு எங்களோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "உங்க சாமி நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஒரு தடவை நல்ல மழையில், பஸ் நிறைந்திருந்ததால், கை காட்டிய ஒரு பெண்ணை ஏற்றாமல் நிறுத்தத்தைத் தாண்டிப் போக வேண்டியதாகிவிட்டதாம். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்ததைப் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைக் கடவுள் கடந்து போயிருப்பாரா என்று ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

அவருடைய சாவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈசூனில் அப்பா குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உடலை வைத்திருந்தோம். என் அண்ணன்தான் எல்லாச் சடங்கும் செய்தார். மண்டாய் தகனக் கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அண்ணன் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "வாம்மா, வந்து போடு," என்றார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். பக்கத்தில் நின்ற என் கணவர் மெல்லிய குரலில், "வேணாம்மா, சபை ஆளுங்க நிக்கிறாங்க," என்றார். நான் நின்றுவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் தட்டை ஒரு கணம் நீட்டியபடியே வைத்திருந்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை. தீபாவளிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி, பிறந்தநாளுக்கு ஒன்று. கிளமெண்டியில் இருக்கிறார், ஒன்றும் தூரமில்லை. நானும் போகவில்லை.

ரயிலில் அப்பா ஞாபகம் வந்த அந்த நாளுக்குப் பிறகு நான் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, தேட ஆரம்பித்தேன். நூலக வேலையில் இருப்பவளுக்குத் தேடத் தெரியும். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் இருந்த சொல்லடைவை எடுத்து, சாவு, அடக்கம், உடல், உறவினர், துக்கம், சடங்கு என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். தேவதூதர்களின் வகைகள் இருந்தன. அப்பத்தையும் திராட்சரசத்தையும் பற்றி நூறு பக்கம் இருந்தது. இறந்தவருக்காக ஜெபிக்கலாமா என்று ஒரு பத்தி கிடைத்தது. ஒரு மகள் தன் அப்பாவின் வாயில் ஒரு பிடி அரிசி போடலாமா கூடாதா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கோ குளிர்நாட்டில் இருந்துகொண்டு எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசிப் பக்கம்வரை தேடினேன்.

அன்று கணவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. கேட்டுவிட்டேன்.

"அப்பாவுக்கு அரிசி போட வேணாம்னு சொன்னீங்களே, அது எதுல இருக்கு?"

அவர் மேசையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். அவர் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர். அவர் தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டுச் சாவுகளில் பாட்டும் ஜெபமும்தான்.

"எதுலயும் பார்த்துச் சொல்லல," என்றார். "எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சு. சபையில உன்னைப் பத்தி ஏதாச்சும் பேசுவாங்கன்னு." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உங்கப்பாவை எனக்கும் புடிக்கும் லா. நான் யோசிக்காம சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் நான் எடுத்து வைத்த காலை நிறுத்தியது நான்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் பாஸ்டரைப் பக்கத்துத் தெரு உணவகத்தில் பிடித்தேன். அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சிஸ்டர், உங்கப்பா கடைசி நேரத்துல யாரை நினைச்சாரு, என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகம் எழுதுனவங்களுக்கும் தெரியாது."

"அப்ப இத்தனை பக்கம் எதுக்கு, பாஸ்டர்?"

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். "கடவுள் எப்படிப்பட்டவர்னு சொல்லத்தான். ஆளாளுக்குத் தீர்ப்பு எழுத இல்ல."

"ஆனா கடந்து போனாருன்னு எழுதியிருக்கே?"

"எழுதியிருக்கு. நானும் அதை நம்புதேன்." தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளினார். "யாரை என்னன்னு மட்டும் எனக்குக் காட்டல."

"அரிசி?"

"நானா இருந்தா போட்டிருக்க மாட்டேன். ஆனா நீங்க போட்டிருந்தா தப்புன்னு சொல்லியிருக்கவும் மாட்டேன்." தன் பேச்சு தனக்கே சரியாக விழவில்லை என்பதுபோல நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதுல எனக்கே முழுசாத் தெளிவு இல்ல, சிஸ்டர். ஒளிச்சு என்ன?"

தெளிவு தேடிப் போன நான் இன்னும் அதிகமாகக் குழம்பித் திரும்பினேன். ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை என்பதில் ஏதோ ஒரு பிடிப்பு இருந்தது. இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை நான் கிளமெண்டிக்கு, அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியிருக்க மாட்டேன்.

நடுத்தரப் புத்தகம் கைப்பையில் இருந்தது. ரயிலில் வாசிக்கலாம் என்று எடுத்து வைத்தது, வாசிக்கவில்லை. கதவைத் திறந்த அண்ணி என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டு, "வாம்மா, வா வா," என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அண்ணன் டிவியைச் சத்தம் குறைத்தார். உட்காரச் சொன்னார். டீ வந்தது. பிள்ளைகளைப் பற்றி, வீட்டு லிஃப்ட் பழுதானதைப் பற்றிப் பேசினோம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்னம்மா இது, டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கு?"

"எங்க சபையில படிக்கிறதுக்கு ஒண்ணு தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க, அண்ணே. இதுல ஒண்ணு தேடினேன். இல்ல."

"என்ன தேடின?"

சொன்னேன். வாய்க்கரிசியைத்தான். அண்ணன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உனக்கும் சேர்த்துத்தான் போட்டேன்," என்றார் அண்ணன்.

"என்னண்ணே?"

"நீ நின்னுட்டே. எனக்கு ரொம்ப ஆத்திரம். திரும்பி என் பங்கைப் போட்டேன். அப்புறம் அப்பா மூஞ்சியைப் பார்த்தா மனசு கேக்கல. இது தங்கச்சிக்குன்னு சொல்லிட்டு இன்னொரு புடி போட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உன் பேருல அப்படிச் செஞ்சது உங்களுக்குப் பாவமோ என்னமோ. எனக்கு என்ன தெரியும்? சொன்னா நீ வருத்தப்படுவியோன்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு வருஷம் ஆயிடுச்சு. அப்புறம் எப்படிப் பேசுறதுன்னே தெரியல."

"என் மேல கோவம்னு நினைச்சேன்."

"கோவமும்தான்," என்றார். "இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை வைத்தார். நான் அழுதேன். அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதே நேரம், நான் செய்யக்கூடாது என்று விலகி நின்ற ஒன்றை என் பெயரில் இன்னொருவர் செய்துவிட்டார், அதற்கு நான் எப்படிச் சந்தோஷப்படலாம் என்றும் ஒரு குரல் கேட்டது. இரண்டு குரல்களும் என்னுடையவைதான். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அண்ணி சொன்னார். சாப்பிடும்போது அண்ணன் கேட்டார்: "சரி, கடைசியா எந்தப் புத்தகத்தைத்தான் தேர்ந்தெடுத்த?"

"இன்னும் இல்லண்ணே."

"இத்தனை நாளா என்ன பண்ணின?" என்று சிரித்தார். இரண்டு வருடம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

மறுநாள் சபையில் முடிவைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் புத்தகங்களையும் மேசையில் பரப்பினேன். என் குறிப்பில் எழுத்தின் அளவு, பக்கங்கள், கடினம் எல்லாம் இருந்தன. முடிவு மட்டும் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

எங்கள் எட்டுப் பேரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் உண்டு. அரியலூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் தமிழில் எதைக் கொடுத்தாலும் விடாமல் வாசிப்பவர். அவர் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். தெளிவான குரல். ஒரு தடுமாற்றம் இல்லை. வாசித்து முடித்ததும் எங்களையெல்லாம் பார்த்தார்.

"தமிழ்தான்க்கா. ஆனா ஒண்ணும் புரியலையே?"

யாருக்கும் புரியவில்லை. பாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். நான் நடுத்தரப் புத்தகத்தைத் திறந்து அதே பொருள் வரும் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாக மனதுக்குள் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்த தமிழில் சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

"இது புரியுது," என்றார் அந்தத் தம்பி. "இதை எழுதிக் குடுங்கக்கா. ரூம்ல வெச்சுத் திருப்பிப் படிச்சிப்பேன்."

"தம்பி, எனக்கே பாதி தெரியாது. நான் எழுதினா தப்பு வரும்."

"தப்பு வந்தா நான் பார்த்துக்கிடுதேன், சிஸ்டர்," என்றார் பாஸ்டர். "வாரம் ஒரு அதிகாரம். புதன்கிழமைக்குள்ள எனக்கு அனுப்பிருங்க."

அப்படித்தான் அந்த நடுத்தரப் புத்தகம் தேர்வானது. ஐந்தில் சிறந்தது அதுதானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. குழந்தைகளின் ஞானஸ்நானம் பற்றி அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். பாஸ்டர் நிற்கும் பக்கம்தான். நல்ல வேளை.

தேர்ந்தெடுத்தல் பற்றியது பதினோராவது அதிகாரம். அதற்கு நான் எழுதியது நான்கு தாள். என் கருத்து ஒரு வரிகூட அதில் நுழையாமல் பார்த்துக்கொண்டேன். கடந்து போனார் என்ற இடத்தில் பேனா நின்றது. வேறு மென்மையான சொல் கிடைக்குமா என்று பார்த்தேன். புத்தகம் என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்று அப்படியே எழுதினேன். அந்த ஞாயிறு என் கணவரும் முதல் தடவையாகப் பின்னால் தங்கினார். அந்தத் தம்பி வாசித்தார். வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

"எங்கம்மா இப்பவும் ஊர்ல மாரியம்மன் கோயிலுக்குத்தான் போறாங்க," என்றார். "தினம் போன்ல பேசுறேன். இதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

கீழே பாத்திரக்கடையில் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. என் கணவர், "தினம் பேசுறதை விட்டுடாதீங்க," என்றார். அது பதில் இல்லைதான். பாஸ்டர் அந்தத் தம்பியின் அம்மாவுக்காக ஜெபித்தார். அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு வாரம் இருந்தோம். எட்டுப் பேரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. பன்னிரண்டாவது அதிகாரத்துக்குப் போய்விட்டோம்.

அண்ணன் வீட்டுக்கு இப்போது மாதம் ஒரு தடவையாவது போகிறோம். போன மாதம் அவர், "நீ எழுதுறியாமே, அந்தத் தாளை அனுப்பு, பார்ப்போம்," என்றார். பள்ளியில் தமிழில் எப்போதும் முதல் மாணவர் அவர். முதல் அதிகாரத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அன்று மாலையே பதில் வந்தது. மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறதாம். வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே குரல் பதிவு ஒன்று.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஒண்ணு கேக்கணும். எல்லா இடத்துலயும் 'நாம்' 'நாம்'னு போட்டிருக்கியே. 'நாங்கள்'னு போடல. அதுல நானும் உண்டா?"

நான் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசமே கிடையாது, ஒரே சொல்தான். நம் மொழியில்தான் ஒவ்வொரு முறையும் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று எழுதுபவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நான் யோசிக்காமலே பன்னிரண்டு அதிகாரம் முழுக்க 'நாம்' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பாஸ்டரிடம் கேட்டேன். எழுதியவர் விசுவாசிகளை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார், ஆகவே கறாராகப் பார்த்தால் 'நாங்கள்' என்றார். உடனே, ஆனால் பிரசங்கத்தில் தானும் எப்போதும் 'நாம்' என்றுதான் சொல்வதாகவும், ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை என்றும் சொன்னார். ஒரு வாரம் டைம் கேட்டிருக்கிறார்.

பதின்மூன்றாவது அதிகாரம் இந்தப் புதன்கிழமைக்குள் போக வேண்டும். பாதி எழுதிவிட்டேன். இப்போதைக்கு 'நாம்' என்றே போட்டு வைத்திருக்கிறேன்.